புதுக்கடையில் ஒரு புதன்கிழமை

ஒன்பதரை மணிக்கு
நஸ்மியின் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில்
தூரத்து நகரமொன்று அழுதுகொண்டிருந்தது.
கறுப்பு முகங்கள், வெள்ளை முகங்கள்.
ஒருத்தி தன் கன்னத்தைத் தானே
தட்டித் தட்டிப் பார்க்கிறாள்.
அந்தப் பெட்டியில் சத்தம் வராது.
பக்கத்துக் கடை வானொலி
வன்னியில் இன்றைக்கு எத்தனை பேர் என்று
வேறொரு எண்ணிக்கையை
வாசித்துக்கொண்டிருந்தது.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன்.
நீதிமன்ற மதிலோடு ஒட்டிய ஆறடி அறை,
பாதி எனக்கு, பாதி சோமசிறிக்கு.
பிறப்புச் சான்றிதழ்களை
ஆங்கிலமாக்கி விமானம் ஏற்றுவது தொழில்.
பத்தொன்பது வருடம்,
நாளைக்குப் பத்துத் தடவையாவது
‘தந்தையின் இனம்’ அடித்திருக்கிறேன்.
ஆங்கிலத்தில் இனத்துக்கு நாலே எழுத்து.
தட்டச்சில் அந்த நாலும் தேய்ந்துவிட்டன.

சோமசிறி தேநீரை ஊதிக்கொண்டே கேட்டான்:
“அந்தாள் இங்கே பிறந்திருந்தால்
அந்தக் கூட்டுக்குள் என்ன எழுதுவாய்?”
சிரித்தோம்.
பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
சிரிப்பை நிறுத்தினோம்.

அரசியலமைப்பை மூன்று மொழியிலும் வாசித்தவன் நான்.
இன்னார்தான் அந்தக் கதிரையில் இருக்கலாமென்று
எந்த உறுப்புரையிலும் இல்லை.
எழுதாத சட்டத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை,
பாலர் வகுப்புக்கே விளங்குகிறது.

பதினொன்றரைக்கு ஓஹையோவிலிருந்து குணசீலன்.
அங்கே நடுச்சாமம் தாண்டி; இன்னும் படுக்கவில்லையாம்.
“மூன்று மணித்தியாலம் வரிசை, அண்ணை.
எனக்கு முன்னால் ஒரு கிழவர்,
கோயிலுக்குப் போகிற மாதிரி உடுப்பு.
அவற்ற தகப்பனை இப்படியொரு வரிசையிலிருந்து
அடிச்சுக் கலைச்சவங்களாம்.
வெளியில வந்து என்ர கையைப் பிடிச்சு அழுதார்.
நானும் அழுதன். ஏனெண்டு தெரியேல்ல.”

எனக்குத் தெரியும் தம்பி.
நீ நின்ற வரிசை முன்னால் நகர்ந்தது.

போன வருடம் ஜூனில்
வெள்ளவத்தை லொட்ஜ் வாசல்களிலும் வரிசை,
விடியப்புறம், பைகளோடு, பஸ் ஏற.
இந்த செப்டம்பரில் இன்னொன்று, பதிவதற்கு.
ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில்.

பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஜெசிந்தா வந்தாள்
புருஷனுடைய பொலிஸ் முறைப்பாட்டோடு.
வானின் நிறம் வெள்ளை.
கொண்டுபோனவர்கள்: இனந்தெரியாதோர்.

எவ்வளவு வசதியான சொல்.
நெற்றியைப் பார்த்து, பெயரைக் கேட்டு,
ஒரு வாளியை எப்படி உச்சரிக்கிறாய் என்று வைத்து
இனம் கண்டுபிடித்த நகரம் இது.
அவர்களுடையது மட்டும்
ஒருநாளும் தெரியவராது.
அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.
அதை இங்கே சொல்லியிருக்கவும் தேவையில்லை.

ஏனென்றால் நானும் சுத்தமில்லை.
அக்காவின் மகளுக்கான மணமகள் விளம்பரத்தில்
‘சிவந்த நிறம்’ என்று எழுதியது இந்தக் கைதான்.
எங்கள் வீட்டில் வேலைக்கு நின்ற தலவாக்கலைப் பிள்ளைக்கு
சான்றிதழில் வேறு சொல்,
இந்தியத் தமிழர்.
குசினியில் வேறு கோப்பை.
இரண்டையும் நான்
கேள்வி கேட்காமல் கையாண்டிருக்கிறேன்.

ஏழு மணி. பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடி.
எல்லாரையும் இறக்கினார்கள்.
அடையாள அட்டையை டோர்ச்சில் பிடித்தவன்
இருபது வயதிருப்பான்,
வெயிலில் காய்ந்து என்னைவிடக் கறுப்பு.
பெயரை வாசித்தான். ஊரை வாசித்தான்.
பிறகு, குரலைத் தாழ்த்தி, சிங்களத்தில்:
“அமெரிக்காவில் வென்ற ஆள்
உண்மையாகவே கறுப்பா? அபி வகே?”

அபி.
சிங்களத்தில் அதற்கு ஒரே சொல்.
தமிழில் இரண்டு இருக்கின்றன:
கேட்பவனை வெளியே நிறுத்துகிற ‘எங்கள்’,
உள்ளே எடுக்கிற ‘நம்’.
எங்களைப் போலவா, நம்மைப் போலவா?

ஓம் என்று தலையாட்டினேன்.
அட்டையைத் தலைகீழாகத் திருப்பித் தந்தான்.
பஸ் வெள்ளவத்தை தாண்டி,
இறங்க வேண்டிய இடமும் தாண்டி
ஓடிக்கொண்டிருக்கிறது.